நாள் தவறினால் நம்பிக்கை தவறும்

(பொது நாட்காட்டியிற் பழுதுபட்ட பதிவுகளைத் திருத்துவது பற்றிக் கமக்காரரும் தொழில்வல்லோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இத்தகைய மேடைகளில் நாம் மண்ணைப் பற்றிப் பேசுவோம்; நீரைப் பற்றிப் பேசுவோம்; சட்டத்தைப் பற்றிப் பேசுவோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறியதுபோலத் தோன்றும். நம் ஊர்களின் கமக்காரர் அமைப்புகளும் வாசிகசாலைகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து இணையத்தில் நடத்தும் பொது நாட்காட்டியிலே பழுதுபட்டுக் கிடக்கும் பதிவுகளை எவ்வாறு திருத்துவது என்பதே அப்பொருள்.

"இதற்கும் ஒரு கூட்டமா? கணினி தெரிந்த பிள்ளை ஒருவனைக் கூப்பிட்டால் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடுவானே" என்று கேட்பார் உளர். கணினி தெரிந்த பிள்ளை வேண்டியவனே. அவனன்றி இவ்வேலை நடவாது. ஆயினும் எது சரியான திகதி என்று அவனுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? திருத்தியதை மக்களுக்கு அறிவிக்க வேண்டியவர் யார்? பிழையான நாளில் வந்து திரும்பியவருக்கு விடை சொல்ல வேண்டியவர் யார்? இவை கணினியின் வினாக்களல்ல, பொதுவாழ்வின் வினாக்கள். ஆதலால் இங்கு பேசுகிறோம்.

ஒரு திகதியின் விலை

நாட்காட்டியில் ஒரு வரி பிழைத்தால் யாது நேரும்? கமக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலபோகத்துக்கோ சிறுபோகத்துக்கோ முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் முதல் நீர் திறப்பது, எந்நாளோடு நீரை நிறுத்துவது, எவ்வயது நெல்லை இடுவது என்பன அங்கே தீர்மானமாகின்றன. அக்கூட்டத்துக்கு வராதவர் தமது வயலைப் பற்றிய தீர்மானத்தில் வாயில்லாதவராகிறார். கூட்டம் புதன்கிழமை நடந்திருக்க, நாட்காட்டியைப் பார்த்து வெள்ளிக்கிழமை வந்து பூட்டிய மண்டபத்தைக் கண்டவருக்கு, "திரையில் ஒரு பிழை" என்பது விடையாகுமா?

தொழில்வல்லோருக்கு, சிறப்பாகச் சட்டத்தொழிலில் உள்ள நமக்கு, நாளின் விலை இன்னும் நன்கு தெரியும். அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்கப் பதினான்கு நாள். அதிலும் தீர்ப்புச் சொல்லிய நாளும் ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக எண்ண வேண்டும். எண்ணத் தவறியவரின் வழக்கு எவ்வளவு நியாயமானதாயினும் வாசலிலேயே நின்றுவிடக்கூடும்.

அண்மைய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2025 மார்ச் 28 ஆந் திகதி காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளிவந்தது. வடமாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரிமையுடையோர் மூன்று மாதத்துள் தம் உரிமையைத் தெரிவிக்க வேண்டும் என்றது அது. ஜூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அவ்வறிவித்தலை மீளப்பெற்றது. அந்த மூன்று மாதங்களில் எத்தனை குடும்பங்கள், இங்கும் கடல் கடந்தும், உறுதியைத் தேடி, வரைபடத்தைத் தேடி, நாளை எண்ணிக்கொண்டிருந்தன என்பதை நாமறிவோம். அத்தகைய காலத்தில் "உதவி முகாம் இந்நாளில், இவ்விடத்தில்" என்று பொது நாட்காட்டி சொல்லும் வரி பிழைத்தால் அதன் விலையை எவர் அளப்பார்?

ஆகவே பொது நாட்காட்டியில் ஏறிய ஒவ்வொரு வரியும் மக்களுக்குக் கொடுத்த வாக்கு. வாக்குப் பிழைத்தால் திருத்த வேண்டும்; மறைக்கலாகாது. நாம் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுவே. இனி, பழுதுகள் எவ்வகைப்பட்டவை என்று பார்ப்போம். நோயறியாமல் மருந்திடுதல் தகாது.

எழுத்திலே வரும் பழுது

முதலாவது பழுது நம் மொழியோடு தொடர்புடையது. நாட்காட்டியைத் திறந்தால் கூட்டத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். காரணம் எளிது. நம் அலுவலகங்களில் நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்தது. தாளில் அச்சிடும் வரை அதனாற் குறையில்லை. அதே வாசகத்தை வெட்டி இணையத்தில் ஒட்டியவுடன் எழுத்துருவாகிய வேடம் கலைகிறது. உள்ளே கிடந்த ஆங்கில எழுத்துகள் வெளிப்படுகின்றன. 1991 முதலே யூனிகோட் நியமத்தில் தமிழுக்குத் தனியிடம் உண்டு. பாமினியில் எழுதியதை யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே நாட்காட்டியில் ஏற்ற வேண்டும். மாற்றுங் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன.

இதிலே இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு நிற்பது அரைப்புள்ளிக் குறி. ஐகலண்டர் எனப்படும் பொது நியமத்திலோ அரைப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் தனிப் பணி உண்டு. அவை பகுதிகளைப் பிரிக்கும் வேலிகள். ஆதலால் வாசகத்துள் அவை வரும்போது முன்னே ஒரு சாய்கோடிட்டு, "இது வேலியன்று, எழுத்து" என்று குறிக்க வேண்டும். இதைச் செய்யாத கருவி, "மண்டபம், பிரதான வீதி, கிளிநொச்சி" என்ற முகவரியை முதற் காற்புள்ளியோடு துண்டித்துவிடக்கூடும். மண்டபம் எங்கே என்பது இல்லாமல் மண்டபம் மட்டும் மிஞ்சும்!

அந்த ஐகலண்டர் நியமம் 1998 இல் வகுக்கப்பட்டு 2009 இல் திருத்தி வெளியிடப்பட்டது. ஒரு வரி 75 பைட்டுக்கு மேற்படாதிருக்க வேண்டும். நீண்டால் மடித்து அடுத்த வரியில் தொடர வேண்டும் என்பது அதன் அறிவுரை. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் வழமையான குறியீட்டில் மூன்று பைட் வேண்டும். "கூட்டம்" என்னுஞ் சொல் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் சேர்ந்து ஏழு குறி. ஆக 21 பைட். பைட்டை மட்டும் எண்ணி எழுத்தை எண்ணாத கருவி, தமிழ்க் குறியொன்றின் நடுவே மடித்துவிட்டால், சில திரைகளில் அவ்வெழுத்து சிதைந்து கறுப்புச் சாய்சதுரத்துள் கேள்விக்குறியாக நிற்கும். எழுதியவரின் குற்றமன்று, மடித்த கருவியின் குற்றம். அத்தகைய பதிவை நூறு முறை கையால் திருத்தினாலும் அதே கருவி மறுபடியும் வெட்டும். கருவியை மாற்ற வேண்டும், அல்லது அதனைச் செய்தவருக்கு எழுதித் திருத்தச் செய்ய வேண்டும்.

நாளிலே வரும் பழுது

இரண்டாவது வகை, நாளும் மாதமும் இடம் மாறுவது. 5/6/2026 என்று ஒருவர் எழுதுகிறார். நமக்கு அது ஜூன் 5. அமெரிக்க முறைப்படி அமைந்த கணினிக்கு அது மே 6. இருவரும் தத்தம் முறையிற் சரியே, கெடுவது கூட்டம். நாள் 12 க்கு மேற்பட்டால் கணினி ஐயுற்று நிறுத்தக்கூடும். 12 க்குட்பட்டால் வாய்திறவாமல் ஏற்றுக்கொள்ளும். ஆதலால் இவ்வகைப் பிழை மாதத்தின் முதற் பன்னிரண்டு நாட்களில் ஒளிந்திருக்கும் என்பதை நினைவிற்கொண்டு, தேடுவோர் அங்கே முதலில் தேடுக.

இதற்குக் காப்பு இரண்டு. ஒன்று, 1988 இல் வெளியான அனைத்துலக நியமத்தின்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவது. மற்றது அதனினும் எளியது: கிழமையையும் சேர்த்தெழுதுவது. 2026 ஜூன் 5 வெள்ளிக்கிழமை. மே 6 புதன்கிழமை. "வெள்ளி" என்ற ஒரு சொல் அருகில் இருந்தால் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். நம் பெரியோர் கலியாண ஓலையில் திகதியோடு கிழமையையும் எழுதியது வீண் அலங்காரமன்று.

மூன்றாவது, நம் வழக்கில் பிறக்கும் பிழை. நமக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். கணினிக்கு நாள் பிறப்பது நள்ளிரவில். "வியாழன் இரவு பன்னிரண்டரைக்குப் பஸ் புறப்படும்" என்று நாம் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். அதனை அப்படியே வியாழக்கிழமை, 12.30 என்று பதிந்தால், புதன் இரவு கழிந்த அரை மணியில் பஸ் புறப்பட்டுவிட்டதாகக் கணினி கணக்கிடும். யாத்திரைக்குப் போகவேண்டியவர் ஒரு முழு நாள் பிந்திவிடுவார். நள்ளிரவு கழிந்த நிகழ்ச்சிக்கு மறுநாள் திகதியிட்டு, குறிப்பில் "வியாழன் இரவு விடிந்தால் வெள்ளி" என்று எழுதுக. கோவில் விழாக்களை ஏற்றுவோர் வாக்கியமா, திருக்கணிதமா என்று பஞ்சாங்கத்தின் பெயரையும் எழுதுக. இரண்டும் வேறுபடும்போது எது சரி என்று தீர்ப்பளிப்பது நாட்காட்டியின் வேலையன்று. எதைப் பின்பற்றியது என்று சொல்வதே அதன் வேலை.

நான்காவது, முடிவு நாளின் பிழை. சனியும் ஞாயிறுமாக இரு நாள் பயிற்சி. ஐகலண்டர் நியமத்தில் முழுநாள் நிகழ்ச்சியின் முடிவுத் திகதி, நிகழ்ச்சியில் அடங்காத அடுத்த நாள். ஞாயிறோடு முடிவதற்குத் திங்கள் என்று எழுத வேண்டும். திரையில் நிரப்புவோருக்காகப் பெரும்பாலும் கணினியே இக்கணக்கைப் பார்த்துக்கொள்ளும். அட்டவணையிலிருந்து மொத்தமாக ஏற்றும்போதுதான் ஞாயிறு காணாமற் போகிறது. "அந்நாள் நீங்கலாக" என்ற தொடரோடு நாள்தோறும் பழகும் சட்டத்தரணிகளுக்கு இது புதிதன்று.

ஐந்தாவது, மீள மீள வரும் நிகழ்ச்சிகள். "மாதந்தோறும் 31 ஆந் திகதி" என்று விதி எழுதினால் ஆண்டில் ஏழு கூட்டமே நடக்கும். 31 இல்லாத மாதங்களை அவ்விதி தாண்டிவிடும். "மாதத்தின் கடைசி நாள்" என்று எழுதுவதே முறை. பௌர்ணமியோ எந்தத் திகதி விதிக்கும் அடங்காது. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு விடுமுறையை நீக்கிப் போயா நாட்களை வார விடுமுறையாக்கினர். ஒரு போயாவுக்கும் அடுத்ததற்கும் இடையே நாட்கணக்கு ஒன்றாயிராமையால் மற்ற உலகத்தோடு கொடுக்கல் வாங்கல் செய்தோர் பட்ட சிரமத்தை மூத்தோர் அறிவர். 1971 இன் விடுமுறைச் சட்டத்தின்படி பௌர்ணமிப் போயா பொது விடுமுறையாக நிலைத்தது. 2023 ஆகஸ்டில் இரு பௌர்ணமிகள் வந்தன. இவற்றை ஆண்டுதோறும் அரசாங்கப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகவே பதிய வேண்டும், குறுக்கு வழியில்லை.

மணியிலே வரும் பழுது

மணியின் கதை தனிக்கதை. இலங்கையின் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. 1996 மே மாதம் மின்சார நெருக்கடியினால் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி ஆறரையாக்கினர். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி குறைத்து ஆறாக்கினர். 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தோம். புலிகளின் ஆளுகையிலிருந்த பகுதிகள் 1996 இன் மாற்றத்தை ஏற்கவில்லை. ஆக ஒரே தீவில் ஒரே வேளையில் இரு நேரங்கள் வழங்கின. "ஒன்பது மணி" என்ற சொல் எங்கே சொல்லப்பட்டது என்பதை அறியாமற் பொருள்படாத காலம் அது.

இதிலிருந்து கற்கவேண்டியது யாது? 2006 ஜனவரியில் ஒருவர், ஜூன் மாதத்துக் கூட்டமொன்றைக் காலை 9 மணி என்று பதிந்தார் எனக் கொள்வோம். அவருடைய கணினி அதனைக் கிரீன்விச் 3 மணி என்று மாற்றிச் சேமித்திருந்தால், ஏப்ரலில் நாட்டின் நேரம் மாறிய பின் அதே பதிவு காலை 8.30 என்று காட்டும். "கொழும்பு நேரம், 9 மணி" என்று இடப்பெயரோடு சேமித்திருந்தால் 9 மணியாகவே நிற்கும். ஏனெனில் எந்த ஊரில் எப்போது நேரம் மாறிற்று என்ற அட்டவணையொன்று உலகெங்கும் கணினிகளால் பயன்படுத்தப்படுகிறது. 1980 களில் ஆர்தர் டேவிட் ஒல்சன் என்பவர் தொடங்கியது. தன்னார்வலர் பலர் செய்தி சேர்த்து இன்றுவரை பேணிவருவது. நம் நாட்டின் 1996 ஆம், 2006 ஆம் ஆண்டு மாற்றங்கள் அதிலே ஏறியுள்ளன. ஆகவே வருங்கால நிகழ்ச்சியை இடப்பெயரோடு எழுதுக. வெறும் எண்ணை நம்பற்க.

கடல் கடந்த உறவினரோடு கூடும் இணையக் கூட்டங்களிலும் இதே சிக்கல். மாதந்தோறும் சனி மாலை 7.30 க்குக் கூட்டம். மாரியில் லண்டனில் அப்போது பிற்பகல் 2 மணி. ரொறன்ரோவில் காலை 9 மணி. கூட்டத்தை லண்டனிலுள்ளவர் லண்டன் 2 மணி என்று பதிந்திருந்தால், மார்ச் இறுதியில் அங்கே கடிகாரம் முன்தள்ளப்பட்டதும் நமக்கு அது 6.30 ஆகிவிடும். கமக்காரர் வயலிலிருந்து வீடு வந்து சேருமுன் கூட்டம் பாதி முடிந்திருக்கும். இங்கே எந்தப் பதிவும் உடையவில்லை. எவருடைய மணி மூலமணி என்பது பேசித் தீர்மானிக்கப்படவில்லை. தீர்மானமில்லாத இடத்தில் கணினி தானாக ஒரு தீர்மானம் செய்துவிடுகிறது. நாம் சொல்வது இது: நிலம் எங்கேயோ, நீர் எங்கேயோ, அவ்விடத்து மணியே மூலமணியாகட்டும். மற்றோர் தம் மணிக்கு மாற்றிக்கொள்வர்.

திருத்தும் முறை

இனித் திருத்தும் முறைக்கு வருவோம். இங்கேதான் நம் சட்டத்தொழில் கற்பித்த பாடம் உதவுகிறது. நொத்தாரிசு எழுதிய உறுதியில் ஒரு சொல் பிழைத்தால் அவர் என்ன செய்கிறார்? சுரண்டி அழித்துவிட்டு ஒன்றும் நடவாததுபோல இருக்கிறாரா? இல்லை. எந்தப் பக்கத்தில், எந்த வரியில், எந்தச் சொல் வெட்டப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்பதை அத்தாட்சியிற் சொல்லியே ஒப்பமிடுகிறார். சட்டம் அவ்வாறு கட்டளையிடுகிறது. திருத்தம் வெளியே தெரிவதனால் உறுதியின் மதிப்புக் குறைவதில்லை. தெரியாமல் திருத்தினாலன்றோ குறையும்?

நாட்காட்டிக்கும் இதுவே நீதி. வியப்பு யாதெனில், ஐகலண்டரை வகுத்தோரும் இதையே விதித்துள்ளனர். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வேறெதற்கும் பொருந்தாத ஓர் அடையாளக் குறி உண்டு. திருத்தும்போது அக்குறி மாறலாகாது; முக்கியமான மாற்றம் வரும்போது திருத்த எண் ஒன்று கூட வேண்டும். அப்போதுதான் தம் கைத்தொலைபேசியில் நாட்காட்டியை இணைத்து வைத்தவரிடம், "இது அதே கூட்டம், இரண்டாவது திருத்தம்" என்று போய்ச் சேரும். அவசரக்காரரோ பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதொன்று எழுதுகிறார். அதன் விளைவு? தனியாகப் பதிவிறக்கி வைத்தவரின் தொலைபேசியில் பழைய நாள் அப்படியே கிடக்கும். புதிய நாளும் வந்து சேரும். இரு கூட்டம் என்று எண்ணுவார், அல்லது பழையதை நம்புவார். கூட்டம் நடவாதென்றாலும் அழிக்கலாகாது. "இரத்து" என்ற நிலையைக் குறித்து அவ்விடத்திலேயே விட வேண்டும். வெறுமை எதையும் சொல்லாது. "இரத்து" என்ற சொல் மக்களின் பயணத்தைத் தடுக்கும்.

ஆகவே திருத்துவோருக்கு நாம் வைக்கும் முறை இது.

முதலாவது, தொடுமுன் முழு நாட்காட்டியையும் ஒரு படியெடுத்து வைக்க வேண்டும். திருத்தப் போய் மேலும் கெடுத்தால் மீள ஒரு வழி வேண்டும்.

இரண்டாவது, மூல அறிவித்தலைப் பார்க்காமல் எதையும் திருத்தலாகாது. "இப்படித்தான் இருந்திருக்கும்" என்ற ஊகம் சான்றாகாது. கமநல சேவை நிலையத்தின் கடிதமோ, பிரதேச செயலகத்தின் அறிவித்தலோ, அமைப்பின் செயலாளர் ஒப்பமிட்ட தாளோ கையில் இருக்க வேண்டும். அது கிடைக்கும் வரை அப்பதிவின் தலைப்பில் "உறுதி செய்யப்படவில்லை" என்று எழுதுக. பிழையான உறுதியைவிட உண்மையான ஐயம் மேலானது.

மூன்றாவது, பழுதுகளை வகைப்படுத்த வேண்டும். ஒரே நாளில், ஒரே கையால், ஒரே அட்டவணையிலிருந்து ஏறியவை பெரும்பாலும் ஒரே நோயால் கெட்டிருக்கும். ஒன்றில் காரணத்தைக் கண்டால் மற்றவற்றில் தேடுவது எளிது. வாய்க்காலின் தலைப்பில் அடைப்பிருக்க வயல்தோறும் மண்வெட்டியோடு அலைவானேன்?

நான்காவது, தொடர் நிகழ்ச்சியைத் திருத்தும்போது கணினி ஒரு கேள்வி கேட்கும்: இந்த ஒரு நாளுக்கா, இனி வருவனவற்றுக்கா, எல்லாவற்றுக்குமா? "எல்லாவற்றுக்கும்" என்று அழுத்துமுன் நூறு முறை யோசிக்க வேண்டும். கழிந்த கூட்டங்களின் நாளும் அதனோடு மாறிவிடும். சென்ற ஆண்டு எந்நாளில் கூடித் தீர்மானித்தோம் என்பது நாளை ஒரு வழக்கில் சான்றாக வேண்டியிருக்கும். நடந்ததை நடந்தபடியே விட்டு, வருவதை மட்டும் மாற்றுக.

ஐந்தாவது, திருத்தியதைச் சொல்ல வேண்டும். குறிப்பிலே ஒரு வரி போதும்: "முன்னர் 6 ஆந் திகதி என்றிருந்தது, 5 ஆந் திகதி வெள்ளிக்கிழமை எனத் திருத்தப்பட்டது." இணைத்து வைத்த தொலைபேசிகள் உடனுக்குடன் புதுப்பிப்பதில்லை, சில மணி நேரம், சிலவேளை ஒரு நாளும் ஆகலாம். ஆகவே கூட்டத்துக்கு இரண்டு நாளே இருக்கும்போது செய்யும் திருத்தத்துக்கு நாட்காட்டி போதாது. தொலைபேசியில் அழைக்க வேண்டும். ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். வாசிகசாலைச் சுவரில் ஒட்ட வேண்டும். இணையம் இல்லாத வீட்டுக்கும் வாக்குக் கொடுத்தவர்கள் நாம்.

எவர் கையில் எழுதுகோல்?

கடைசி வினா, எவர் திருத்துவது என்பது. எல்லோர் கையிலும் எழுதுகோலைக் கொடுத்தால் குழப்பம் வரும். தீய எண்ணமுடைய ஒருவரே ஒரு கூட்டத்தைக் கலைத்துவிடவுங் கூடும். ஒருவர் கையில் மட்டும் கொடுத்தால் அவர் நோயுற்றாலும் ஊர் மாறினாலும் நாட்காட்டி செத்துவிடும். கடவுச்சொல் அவரோடு போய்விடும். இவ்விரண்டுக்கும் நடுவழி நம் பழைய சங்கங்களின் வழியே. பிழையை எவரும் சுட்டலாம். திருத்துவோர் ஊருக்கு இருவர். ஒருவர் திருத்த, மற்றவர் மூலத்தாளோடு ஒப்பிட்டு ஏற்க வேண்டும். கணக்கேட்டில் பொருளாளரும் தலைவரும் ஒப்பமிடுவதை நாம் அவமானமாகக் கருதுவதில்லை, இதுவும் அதுபோன்றதே.

அந்த இருவரில் ஒருவர் வயல் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறோம். கணினி தெரிந்த இளைஞருக்கு 12.30 என்பது ஓர் எண். முப்பது வருடம் நீர்ப்பங்கீட்டுக் கூட்டத்துக்குப் போன கமக்காரருக்கோ, "நடு மத்தியானத்தில் எவன் வாய்க்காற் கூட்டம் வைப்பான்? இது பிழை" என்று பார்த்தவுடன் தெரியும். அந்த அறிவு எந்த இயந்திரத்திலும் இல்லை. படித்தவரும் உழுபவரும் ஒரே திரையின் முன் அமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டுச் சரிபார்க்கும் காட்சியை ஒவ்வோர் ஊரிலும் காண விரும்புகிறோம். மாதத்தில் ஒரு மாலை போதும்.

நண்பர்களே, பிழையே வராத நாட்காட்டியை எவராலும் நடத்த முடியாது. 1582 இல் ரோமாபுரியிலிருந்து வந்த கட்டளையின்படி அக்டோபர் 4 க்கு அடுத்த நாளை 15 என்று எண்ணித் திருத்தினர். பிரித்தானியா 1752 இல் செப்டம்பர் 2 க்கு அடுத்த நாளை 14 என்று எண்ணிற்று. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பிழையை அவர்கள் நாள் குறித்து, அறிவித்து, எல்லோர் முன்னிலையிலும் திருத்தினர். பிழை வந்தது என்பதற்காக உலகம் நாட்காட்டியைக் கைவிடவில்லை.

"நாள் செய்வதை நல்லோர் செய்யார்" என்பர். அந்த நாளையே நாம் பிழையாகச் சொன்னால் நாளும் உதவாது, நல்லோரும் வாரார். பெரிய கோரிக்கைகளோடு மக்கள் முன் செல்பவர்கள் நாம். நாளை ஓர் இடுக்கண் வரும்போது "இந்நாளில் இவ்விடத்தில் கூடுங்கள்" என்று நாம் அழைத்தால், அச்சொல்லை நம்பி மக்கள் எழுந்து வரவேண்டும். அந்த நம்பிக்கை அன்றைக்கு மேடையிற் பிறவாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் திகதியிலும், இலவச மருத்துவ முகாமின் மணியிலும், வாசிகசாலைக் கூட்டத்தின் முகவரியிலும் சிறுகச் சிறுகச் சேர்வது அது.

ஆகவே இக்கூட்டம் கலையுமுன் ஒவ்வோர் ஊராரும் தமக்குள் இருவரின் பெயரைத் தீர்மானித்துச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். முதல் வேலையாக, வரும் போகத்துக்குரிய பதிவுகள் அனைத்தையும் மூலத்தாள்களோடு ஒப்பிடுங்கள். பிழைத்ததை அழிக்காதீர்கள், திருத்துங்கள், திருத்தியதை ஊரறியச் சொல்லுங்கள்.